பச்சையாகிப் போன நீச்சல் குளம்: பாசியை விரட்டி, தண்ணீரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது எப்படி

டெக்சஸில் கொல்லைப்புறக் குளம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு ஆகஸ்ட் மாதம் என்றாலே ஒரு பயம் உண்டு. பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், மிதவையில் போட்டுவிட்டுப் போன குளோரின் மாத்திரை எப்போதோ கரைந்து முடிந்திருக்கும். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். தண்ணீரில் தரை தெரியாது. உடனே கடைக்கு ஓடினால் ஆல்ஜிசைடு, கிளாரிஃபையர், பாஸ்பேட் ரிமூவர் என்று ஒரு பெட்டி நிறைய பாட்டில்களோடு அனுப்பி வைப்பார்கள். இவற்றில் எதுவும் இல்லாமலே இந்த வேலையை முடிக்கலாம். திரவ குளோரின், மியூரியாட்டிக் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான்), ஒரு நல்ல டெஸ்ட் கிட், நீளக் கைப்பிடி போட்ட பிரஷ், அப்புறம் கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் தேவை.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்து, சுவரில் வழவழப்பும் இல்லாமல், நிறம் மட்டும் பச்சையாக இருந்தால் அது பாசி இல்லாமல் இருக்கலாம். செம்பு கலந்த ஆல்ஜிசைடு போட்ட குளத்திலும், இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் விட்ட குளத்திலும் இப்படி ஆவதுண்டு. அதற்கு வைத்தியம் வேறு. இங்கே சொல்வது கலங்கிய பச்சைக்கு.

கை வைப்பதற்கு முன்

ஆசிட்டையும் குளோரினையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு, அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்றை ஊற்றிய வாளியைக் கழுவாமல் அதிலேயே இன்னொன்றை ஊற்றுவதும் கூடாது. ஆசிட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது. மாத்திரையாக வரும் டிரைக்ளோரையும் தூளாக வரும் கால்-ஹைப்போவையும் ஒரே டப்பாவிலோ மிதவையிலோ சேர்த்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று ஊற்றுங்கள்.

குளத்தில் எவ்வளவு தண்ணீர்?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 7.5ஆல் பெருக்கினால் கேலன் கணக்கு கிடைக்கும். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம் என்றால் 16,875 கேலன். சுமாராக 17,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தக் குளத்துக்குத்தான், உங்கள் அளவுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் முறை இந்த வேலைக்குச் சரிப்படாது. குளோரின் 10 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) தாண்டும்போது, குளோரின் பட்டால் ரோஜா நிறமாகும் சாதாரண டிபிடி சோதனையில் நிறமே வெளுத்துப் போய், குளோரின் துளியும் இல்லாத மாதிரிக் காட்டிவிடும். சொட்டு எண்ணி அளக்கும் எஃப்ஏஎஸ்-டிபிடி முறையில் வேலை செய்யும் கிட் வாங்குங்கள். டெய்லர் கே-2006 அந்த வகைதான்.

சோதனை எளிது. குழாயில் 10 மில்லி குளத்துத் தண்ணீர் எடுத்து, கூடவே வரும் குட்டிக் கரண்டியால் இரண்டு கரண்டி தூள் போட்டுச் சுழற்றினால் தண்ணீர் அடர் ரோஜா நிறமாகும். அதன் பிறகு சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் சுழற்றிக்கொண்டே எண்ணுங்கள். ஏதோ ஒரு சொட்டில் நிறம் சட்டென்று காணாமல் போகும். சொட்டுகளின் எண்ணிக்கையில் பாதிதான் ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரினின் அளவு. 32 சொட்டு விழுந்தால் 16 பிபிஎம். அதே குழாயில் மூன்றாவது பாட்டிலிலிருந்து ஐந்து சொட்டு விட்டு, மறுபடி ரோஜா நிறம் வந்தால் அது கம்பைன்ட் குளோரின். அதாவது அழுக்கோடு மல்லுக்கட்டிப் பாதி செத்த குளோரின். அதையும் முன்போலவே நிறம் போகும்வரை சொட்டு விட்டு எண்ணி, பாதியாக்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டெபிலைசர்

புதிதாகக் குளம் வாங்கியவர்களுக்கு இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சயனூரிக் அமிலம் என்பதைக் கடையில் ஸ்டெபிலைசர் என்று விற்பார்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காப்பது இது. இல்லாவிட்டால் டெக்சஸ் வெயிலில் சில மணி நேரத்தில் குளோரின் காலி. ஆனால் இது கூடிப்போனால் குளோரினின் வேகம் குறைந்துவிடும். கிட்டில் குளோரின் 3 என்று காட்டும், பாசியோ ஜோராக வளர்ந்துகொண்டிருக்கும்.

இது எப்படிக் கூடுகிறது? மாத்திரை வழியாகத்தான். டிரைக்ளோர் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் தண்ணீரில் விட்டுவிடுகிறது. கோடையில் குளத்துக்கு நாளொன்றுக்கு 3 பிபிஎம் குளோரின் வேண்டும் என்றால் மாதத்துக்கு 90. அதோடு வரும் ஸ்டெபிலைசர் 54. குளோரின் செலவாகிவிடும், இது அப்படியே தங்கிவிடும். இரண்டு கோடை மாத்திரையிலேயே ஓட்டிய குளம் பச்சையானதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதை அளக்கும் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். குளத்துத் தண்ணீரும் கிட்டில் உள்ள திரவமும் சம அளவு கலந்து அரை நிமிடம் விட்டால் கலவை பால் மாதிரி வெளுக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை இடுப்பு உயரத்தில் உங்கள் நிழலில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்த்தபடி மெல்ல ஊற்றுங்கள். புள்ளி மறையும் இடத்தில் உள்ள எண்தான் அளவு. முறைத்து முறைத்துப் பார்த்தால் புள்ளி இருக்கிற மாதிரியே தோன்றும். சாதாரணமாக ஒரு பார்வை பாருங்கள், தெரியவில்லை என்றால் இல்லை.

30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. 80, 100 என்று வந்தால், சாம்பாரில் உப்பு கூடிப்போன கதைதான்: தண்ணீர் விட்டு விளாவுவதைத் தவிர வழியில்லை. 100ஐ 50 ஆக்க வேண்டுமானால் பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு எச்சரிக்கை: நல்ல மழைக்குப் பிறகு, நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது குளத்தை அதிகம் காலி செய்தால், கீழே இருக்கும் நீரின் அழுத்தத்தில் குளத்தின் கூடே தூக்கிக்கொள்ளலாம். ஃபைபர்கிளாஸ் குளத்துக்கும் வினைல் விரித்த குளத்துக்கும் ஆபத்து கூடுதல். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது உத்தமம்.

அளவு 30க்குக் கீழே இருந்தால் சேர்க்க வேண்டும். நம் 17,000 கேலனுக்கு 22 அவுன்ஸ் போட்டால் 10 பிபிஎம் ஏறும். பழைய காலுறையில் போட்டு, தண்ணீர் பீய்ச்சும் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு அவ்வப்போது பிசைந்துவிடுங்கள்.

பாசிக்கு எதிரான வேலை

முதலில் இலை தழைகளை வலையால் அள்ளுங்கள். தரையில் மக்கிக் கிடக்கும் ஓக் இலைகள் நீங்கள் ஊற்றும் குளோரினைப் பாசிக்கு விடாமல் தாங்களே குடித்துவிடும். தரை தெரியாவிட்டாலும் துழாவி அள்ளுங்கள்.

அடுத்து பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண். குளோரின் ஊற்றுவதற்கு முன்பே இதை 7.2க்குக் கொண்டுவர வேண்டும். குளோரின் 10க்கு மேல் ஏறிவிட்டால் பிஎச் சோதனை பொய் சொல்லும், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 7.8 என்று காட்டினால் 16 அவுன்ஸ் ஆசிட்டை, பம்ப் ஓடும்போது, தண்ணீர் பீய்ச்சும் வாய்க்கு முன்னால் மெல்ல ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து அளந்து பார்த்துத்தான் அடுத்த ஊற்று.

இப்போது குளோரின். ஏற்ற வேண்டிய அளவு ஸ்டெபிலைசரைப் பொறுத்தது, அதில் 40 சதவீதம். ஸ்டெபிலைசர் 30 என்றால் குளோரின் 12, 40 என்றால் 16, 50 என்றால் 20. 10 சதவீத திரவ குளோரின் ஒரு கேலன், 17,000 கேலன் தண்ணீரில் ஏறக்குறைய 6 பிபிஎம் ஏற்றும். ஆக 16ஐத் தொட மூன்று கேலனுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். இவ்வளவு வேகமாக ஏற்ற அதால் ஆகாது.

பலரும் இடறுவது இங்கேதான். ஒரு தடவை ஊற்றிவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார்கள். அதற்குள் பாசி குளோரினை முடித்துவிட்டு மறுபடி தழைத்திருக்கும். ஒரேயடியாகக் கொட்டுவதைவிட, ஏற்றிய அளவை இறங்க விடாமல் பிடித்து வைப்பதுதான் முக்கியம். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். அடுத்தடுத்த நாட்களில் காலை, மதியம், மாலை, படுக்கப் போகும் முன் என்று பார்த்தால் போதும். பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும்.

தினமும் ஒரு முறை சுவர், தரை, படிக்கட்டு எல்லாம் பிரஷ் போடுங்கள். ஏணியின் கால், விளக்குக்குப் பின்னால் உள்ள குழி, மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் மடிப்புக் கதவுக்குப் பின்புறம் எல்லாம் பாசி ஒளிந்துகொள்ளும் இடங்கள். விளக்கின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி முன்னால் இழுத்துப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரியும். மின்சாரத்தை பிரேக்கரில் அணைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். அதைவிட 25 சதவீதம் ஏறினால், அதாவது 12 இருந்த இடத்தில் 15 வந்தால், மணல் ஃபில்டர் என்றால் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி அழுக்கை வெளியேற்றுவது) செய்யுங்கள், கார்ட்ரிட்ஜ் என்றால் கழற்றிக் கழுவுங்கள். முதல் ஓரிரு நாளில் இதை அடிக்கடி செய்ய வேண்டி வரும்.

பச்சை போய்ச் சாம்பல் நிறம் வரும், அப்புறம் பால் கலந்த நீலம். செத்த பாசிதான் அந்தக் கலக்கம். அதை வடிகட்டுவது ஃபில்டரின் வேலை, கூடுதலாக எதையும் ஊற்ற வேண்டாம். அடியில் படிந்ததை வேக்யூம் செய்யும்போது, வசதி இருந்தால் ஃபில்டருக்கு அனுப்பாமல் நேரே வெளியேற்றுங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

மூன்றும் ஒன்றாகத் தேற வேண்டும். தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். கம்பைன்ட் குளோரின் 0.5ஐத் தாண்டக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு முறை, மறுநாள் சூரியன் உதிப்பதற்கு முன் ஒரு முறை ஃப்ரீ குளோரினை அளந்தால், இரவில் இறங்கியது 1 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. இரவில் வெயில் இல்லையே, அப்படியும் இறங்கினால் குளோரினைத் தின்ன உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது. நிறுத்தாமல் தொடருங்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெரிகிறதே என்று இங்கே கைவிட்டால் பாசி திரும்பி வந்துவிடும்.

இனி சமநிலை

குளோரின் 10க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து பிஎச் பாருங்கள். 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம், 7.5ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. கூடவே டோட்டல் அல்கலினிட்டியை, அதாவது பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மையை, அளந்துகொள்ளுங்கள். திரவ குளோரின் பயன்படுத்துபவர்களுக்கு 60 முதல் 80 பிபிஎம் போதும். அதற்கும் கீழே இருந்தால் மட்டும் ஆப்பசோடா சேர்க்கலாம், 10 பிபிஎம் ஏற்ற நம் குளத்துக்கு இரண்டரை பவுண்டு. அல்கலினிட்டி நிறைய இருந்தால் பிஎச் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. பிஎச் 7.8ஐத் தாண்டும் போதெல்லாம் ஆசிட் விட்டு இறக்கி வந்தாலே அல்கலினிட்டியும் தானாகக் குறைந்துவிடும். இன்றைக்கு ஆசிட், நாளைக்கு சோடா என்று மாற்றி மாற்றி ஊற்றுவது பணத்துக்குத்தான் கேடு.

சிமெண்ட் பூச்சுக் குளமாக இருந்தால் கால்சியம் 250க்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பூச்சிலிருந்தே கால்சியத்தை அரித்து எடுத்துக்கொள்ளும். மேல்வரம்பு 400 வாக்கில். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் உள்ளேயே நிற்கும் என்பதால் நம் பக்கம் இது குறைவதைவிட ஏறுவதுதான் வழக்கம்.

அன்றாடம் வைத்திருக்க வேண்டிய குளோரின், ஸ்டெபிலைசர் 40 உள்ள குளத்தில் 5 முதல் 7. எக்காரணம் கொண்டும் 3க்குக் கீழே போகக் கூடாது. சாயங்காலம் ஊற்றினால் வெயிலுக்குப் பலியாகாமல் இரவு முழுக்க வேலை செய்யும். பிள்ளைகளை இறக்குவதற்கு முன் ஆழமான பகுதியின் தரையில் உள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத தண்ணீரில் யாராவது மூழ்கினாலும் தெரியாது.

திரவ குளோரின் சூட்டில் வீரியம் இழக்கும். கராஜில் அடுக்கி வைக்காமல் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஆசிட் பாட்டிலுக்கு எட்டத்தில், நிழலில் வையுங்கள். வாங்கும்போது கேனில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.