கோவையில் சிறு இயந்திரம் செய்து விற்கத் தொடங்குபவர் யாரிடம், எந்த வரிசையில் உதவி கேட்க வேண்டும்?

தொழில் தொடங்கும் எண்ணம் வந்தவுடன் பலரும் முதலில் போய் நிற்பது வங்கியிலோ மானியம் தரும் அலுவலகத்திலோதான். கோயம்புத்தூரில் இயந்திரம் செய்து விற்க நினைப்பவர் அந்தப் படியைப் பின்னுக்குத் தள்ளிவைப்பது நல்லது. இந்த ஊரில் பணத்தைவிட எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது செய்முறை அறிவு. 1955இல் பி. சபாபதி மின்மோட்டாரில் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை இங்கே உருவாக்கிய பிறகு, கல் கொத்துபவர், மோட்டார் சுற்றுபவர், டிரம் செய்பவர் என ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பட்டறைகள் எழுந்தன. பின்னாளில் கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. முழு இயந்திரத்தையும் ஒரே கூரையின் கீழ் செய்யத் தேவையில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பலன். புதிதாக வருபவருக்கு இன்றும் கைகொடுப்பது அதுதான்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சாமை, தினை, குதிரைவாலி போன்ற சிறுதானியங்களின் உமியை நீக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை, ஒரு மலைக்கிராமத்து மகளிர் குழு வாங்கக்கூடிய விலையில் செய்து விற்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். அவரிடம் பொறியியல் படிப்பும் இரண்டு மூன்று லட்ச ரூபாய் சேமிப்பும் உண்டு, பட்டறை கிடையாது.

அவருடைய முதல் செலவு நல்ல டிராயிங்காக இருக்க வேண்டும். அளவுகளும், எந்த அளவில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸும், பயன்படுத்த வேண்டிய உலோகத்தின் வகையும் குறிக்கப்பட்ட டிராயிங்கோடு கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பிறருக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குள் நுழைபவருக்குக் கிடைக்கும் மரியாதையும், கையை அசைத்து அசைத்து விளக்குபவருக்குக் கிடைக்கும் மரியாதையும் ஒன்றல்ல. டிராயிங்கைப் பார்த்தவுடன் பட்டறைக்காரர் செய்யும் முதல் காரியம் அதில் குறை கண்டுபிடிப்பதாக இருக்கும். இந்தத் தண்டுக்கு இவ்வளவு நுணுக்கமான அளவு எதற்கு, இதை வார்ப்பில் எடுப்பதைவிடத் தகட்டை லேசரில் வெட்டி வெல்டிங் செய்தால் என்ன, இந்த பேரிங் நாளைக்குக் கிராமத்தில் கிடைக்குமா என்று அவர் கேட்கும் கேள்விகள்தான் நீங்கள் பெறும் முதல் ஆலோசனை. அதற்கு அவர் தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வேலையைக் கொடுக்காமல் ஆலோசனையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால், அந்தப் பெயர் பக்கத்துத் தெருவுக்கு உங்களுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடும். முதல் மாதிரிக்கான பாகங்களையாவது அவரிடமே கொடுத்து, சொன்ன நாளில் பணத்தைத் தீர்த்துவிட வேண்டும். சனிக்கிழமை பல பட்டறைகளில் சம்பள நாள். அன்று மாலை சந்தேகம் கேட்கப் போகாமல், பாக்கி இருந்தால் தீர்க்கப் போகலாம்.

முதல் மாதிரி ஓடத் தொடங்கியதும் உடனே கண்காட்சியில் வைக்கத் தோன்றும். அதற்கு முன் அது உண்மையான தானியத்தோடு உண்மையான கைகளில் ஓட வேண்டும். சிறுதானிய உமி நீக்கியில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது பட்டறையில் தெரியாது. தானியத்தை வேகமாகச் சுழற்றி ஒரு வளையத்தின்மீது மோதச் செய்து உமியை உடைக்கும் வகை இயந்திரத்தில், வேகம் குறைந்தால் உமி போகாது. கூடினால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். தினைக்குச் சரியாக இருக்கும் வேகம் குதிரைவாலிக்குச் சரியாக இருக்காது. அடுக்கடுக்கான கடினமான தோலுடைய வரகோ எதற்கும் எளிதில் மசியாது. தானியத்தின் ஈரப்பதம் மாறினாலும் விளைவு மாறும். இவற்றோடு, பல கிராமங்களில் வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம் என்பதால், மும்முனை மோட்டாரை நம்பி வடிவமைத்த இயந்திரம் அங்கே இறங்கிய நாளிலேயே வெறும் இரும்பாகிவிடும். எனவே, குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தானியங்களைக் கொண்டு, ஒவ்வொரு முறையும் உள்ளே போட்ட எடை, கிடைத்த முழு அரிசி, குருணை, உமி நீங்காத தானியம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு கதவையும் திறப்பது இந்த நோட்டுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருப்பது இந்த எடுத்துக்காட்டுக்காரரின் நல்லூழ். அதன் வேளாண் பொறியியல் துறையினரிடம் இயந்திரத்தைப் பற்றியும், திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் அதே பல்கலைக்கழகம் நடத்தும் சிறுதானிய மகத்துவ மையத்தில் தானியத்தைப் பற்றியும் கேட்கலாம். பம்பு, மோட்டார் செய்கிறவர்களுக்குச் சிட்டார்க் என்ற சோதனைக் கூடம் இருக்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும், தாமே சொல்லும் திறனுக்கும் மூன்றாமவர் அளந்து எழுதிக் கொடுத்த திறனுக்கும் வாங்குகிறவரிடம் உள்ள மதிப்பு வேறு.

இந்த நிலைக்கு வந்த பிறகு இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்காப்பகத்தைத் தேடுவது பொருத்தம். கோவையில் 1998இல் தொடங்கிய பி.எஸ்.ஜி.-ஸ்டெப், வன்பொருள், அதாவது மென்பொருள் அல்லாத கருவிகளும் இயந்திரங்களும் செய்யும் தொழில்முனைவோரோடு பணியாற்றும் ஃபோர்ஜ், வேளாண் பல்கலைக்கழகத்தின் சொந்த வளர்காப்பகம் ஆகியவை இருக்கின்றன. ஒன்றில் சேருமுன் அங்கே ஏற்கெனவே இருக்கும் இரண்டு நிறுவனங்களைத் தனியாகச் சந்தித்து, வழிகாட்டியாகப் பெயர் போட்டிருப்பவர் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை நேரில் உட்கார்ந்து பேசினார், எந்தக் கருவியை உண்மையில் பயன்படுத்த விட்டார்கள், நிறுவனத்தில் எவ்வளவு பங்கு கேட்டார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மேசையும் இணைய வசதியும் கொடுப்பது உதவி அல்ல என்று சொல்லமாட்டேன். ஆனால் இயந்திரம் செய்கிறவருக்கு அது பெரிய உதவியும் அல்ல. சோதனைக் கருவியும், முதல் பத்து வாடிக்கையாளர்களிடம் அழைத்துப் போகக்கூடிய ஒரு மனிதரும் அங்கே இருந்தால் மட்டும் சேருங்கள்.

வன்பொருள் மாதிரி செய்வதற்கென்றே இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் நிதி-பிரயாஸ் திட்டம் 10 லட்ச ரூபாய் வரை தருகிறது. அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர் வழியாகவே போக வேண்டும். மாநில அரசின் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம், அதாவது ஸ்டார்ட்அப் டிஎன், டான்சீட் என்ற பெயரில் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு ஆதரவு நிதி வழங்குகிறது. பொதுவாக 10 லட்சமும், பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்கள், ஊரக நலன், பசுமைத் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு 15 லட்சமும் அதன் அளவு. அவ்வியக்கம் 2025 அக்டோபரில் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாட்டை நடத்தியது. இத்தகைய மாநாடுகளில் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, அரங்குகளில் நிற்கும் சிறு நிறுவனத்தாரிடம் அவர்களுடைய வார்ப்பு எங்கே, மோட்டார் எங்கே என்று விசாரிப்பது பயன் தரும்.

கண்காட்சியில் இயந்திரத்தை வைக்கும் முன் ஒரு காரியம் முடிந்திருக்க வேண்டும். வடிவமைப்பில் உண்மையிலேயே புதியது ஏதேனும் இருந்தால், அதைப் பலர் பார்க்க வெளிப்படுத்திய பிறகு காப்புரிமை கேட்பது மிகக் கடினம். தனிநபருக்கும், அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனத்துக்கும், சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பைப் பற்றிய முதல்கட்ட விளக்கமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டால் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். புதியது ஏதும் இல்லையென்றால் அந்தச் செலவை விட்டுவிட்டு, 4,500 ரூபாய்க் கட்டணத்தில் பெயருக்கு வணிகக்குறி விண்ணப்பம் போடுவதே அறிவுடைமை. கோவையில் ஓர் இயந்திரம் நன்றாக விற்றால் ஆறு மாதத்தில் அதைப் போலவே இன்னொன்று வரும். அப்போது உங்களைக் காப்பாற்றுபவை பெயரும் சர்வீஸும்தான்.

பதிவுகளில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். தனி ஒருவராகத் தொழில் செய்பவரும் பெறலாம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. இந்திய அரசின் புத்தொழில் அங்கீகாரமோ வேறு. அதைத் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம், எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, பதிவு செய்த கூட்டாண்மை போன்ற அமைப்புகளே பெற முடியும், தனி ஒருவராகத் தொழில் நடத்தும் புரொப்ரைட்டர் பெற முடியாது. எனவே புத்தொழில் நிதியை நாடப் போகிறீர்களா, வங்கிக் கடனோடு சாதாரணச் சிறுதொழிலாக நடத்தப் போகிறீர்களா என்பதை அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது வழி தாழ்ந்தது என்ற எண்ணம் இப்போது இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஆண்டுக்கு நூறு இயந்திரம் விற்று லாபத்தில் நடக்கக்கூடிய தொழிலுக்கு முதலீட்டாளரைத் தேடி அலைவது வீண் என்பதே என் கருத்து. ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்குப் பொருளை விற்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது.

மானியத்தோடு கூடிய கடனுக்கு விண்ணப்பிக்கப் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 75 லட்ச ரூபாய், மானியம் கிடைக்கிறது. 15 லட்சத்துக்குள் முடியும் தொழில்களுக்கு யு.ஒய்.இ.ஜி.பி. என்னும் வேலைவாய்ப்பற்ற இளைஞர் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் வணிக முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான, மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறது. இவை அனைத்துக்கும் தகுதி விதிகளும் வயது வரம்புகளும் உண்டு. மையத்தில் அந்த வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எது எப்படியானாலும், கடன் தருவது வங்கிதான், தொழில் மையம் அல்ல. பி.எம்.இ.ஜி.பி. மானியம் கைக்கு வருவதில்லை. வங்கியில் மூன்றாண்டு வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படுகிறது. மானியத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு மூலப்பொருள் வாங்கத் திட்டமிட்டவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பு சொன்ன சோதனை நோட்டும், அட்வான்ஸ் கொடுத்த இரண்டு வாடிக்கையாளர்களின் ரசீது நகலும் திட்ட அறிக்கையோடு இணைந்திருந்தால், மேலாளரிடம் பேச்சு வேறு தொனியில் நடக்கும். சொத்து ஈடு கேட்டால், சிறுதொழில் கடனுக்காக வங்கிக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. அமைப்பின் கீழ் ஈடின்றிக் கடன் தர இயலுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சங்கங்களில் சேர வேண்டுமா என்று கேட்பார்கள். 1969இல் தொடங்கிய கொடிசியாவும், குறுந்தொழில் முனைவோருக்கான டாக்ட்டும் கோவையில் இருக்கின்றன. மின்கட்டணம், மூலப்பொருள் விலை போன்றவற்றில் அரசிடம் பேசுவதற்கு அவை தேவை. தனிப்பட்ட முறையில் உங்களுக்குப் பயன்படுவது அங்கே கிடைக்கும் ஒரு தகவல்: யார் பணத்தை நேரத்துக்குத் தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பது. எழுத்தில் எங்கும் இருக்காது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒருவர் மெல்லச் சொல்வார். புதிதாகத் தொடங்கிய ஒரு பட்டறையை மூடவைப்பது பெரும்பாலும் விற்பனை இல்லாமை அல்ல, விற்ற பணம் வராமை.

அதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் கண்ட நாளிலும், எப்படியும் 45 நாளுக்குள்ளும், பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. புகாரை இணையத்தில் பதிவு செய்யலாம். அதை விசாரிக்கும், குறு, சிறு நிறுவனங்களுக்கான வட்டார மன்றம் கோவையிலேயே இருக்கிறது. பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது நீதிமன்றங்களில் சிக்கலாகியிருப்பதால், முதல் பில்லைப் போடும் முன்பே உத்யம் எண்ணைப் பெற்று அதை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும். சரக்கு இறங்கியதும் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் உள்ள நகலைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். நாள் கணக்குத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.