பால் திரியாமல், நடுவிலும் வெந்து வரும் உருளைக்கிழங்கு கேசரோல்

கேசரோல் என்றால் அகலமான பாத்திரத்தில் போட்டு ஓவனில் வேகவைக்கும் உணவு. முதல்முறை செய்யும்போது பெரும்பாலும் இரண்டு சிக்கல்தான் வரும். மேலே நன்றாகச் சிவந்திருக்கும், நடுவில் கிழங்கு நறுக்கென்று கடிபடும். இல்லையென்றால் பால் திரிந்து ஓரமெல்லாம் தண்ணீராக நிற்கும். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. கிழங்கைப் பாலிலேயே பாதி வேகவைத்து, பிறகு ஓவனில் வைக்க ஆரம்பித்ததும் இரண்டும் நின்றன.

தேவையானவை: உருளைக்கிழங்கு 1 கிலோ, கொழுப்பு நீக்காத பால் 400 மி.லி., ஃப்ரெஷ் க்ரீம் 200 மி.லி., துருவிய சீஸ் 100 கிராம், நசுக்கிய பூண்டு 2 பல், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள், பாத்திரத்தில் தடவ வெண்ணெய்.

1. ஓவனை 180 டிகிரி செல்சியஸில் சூடாக விடுங்கள். 2 லிட்டர் கொள்ளும் அகலமான பேக்கிங் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி வையுங்கள்.

2. கிழங்கை முழுதாகக் கழுவி, தோல் சீவி, 3 மி.மீ. கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். நறுக்கியபின் தயவுசெய்து கழுவாதீர்கள், தண்ணீரிலும் போட்டு வைக்காதீர்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அந்த மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்கப்போகிறது. கறுத்துவிடும் என்று பயந்தால் நேராகப் பாலுக்குள் போட்டுவிடுங்கள்.

3. அடிகனமான பாத்திரத்தில் பால், க்ரீம், பூண்டு, உப்பு, மிளகு, ஜாதிக்காய், கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்து மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். அடிபிடிக்காமல் மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கரண்டியிலிருந்து பால் நீராக வழியும். கொஞ்ச நேரத்தில் கொதிக்குமிழிகள் கனத்து, ‘பொளக் பொளக்’ என்று மெதுவாக உடையும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். கிழங்கு இப்போது வளையும், ஆனால் உடையாது.

4. பேக்கிங் பாத்திரத்தில் கொட்டிப் பரப்புங்கள். பால் மேல் அடுக்கைத் தொட்டால் போதும். ஃபாயிலால் மூடி 30 நிமிடம். அப்புறம் ஃபாயிலை எடுத்து, சீஸ் தூவி இன்னும் 20, 25 நிமிடம். நடுவில் கத்தியைச் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்குள் மேல்பக்கம் சிவந்துவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளுங்கள்.

5. வெளியே எடுத்து 15 நிமிடம் தொடாமல் வையுங்கள். சுடச்சுட வெட்டினால் குழம்பாக ஓடும். ஆறும்போதுதான் இறுகும்.

தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு எதையும் இதில் சேர்க்க வேண்டாம். பால் திரிவது மட்டுமல்ல, புளிப்பில் கிழங்கும் சீக்கிரம் மசியாது. சீஸ் இல்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பிரான்சின் தொஃபினே பகுதியில் இதை மரபாகச் சீஸ் இல்லாமலே செய்கிறார்கள். பூண்டு மணம் அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

கை பழகியபின் காலிஃபிளவரிலும் செய்யலாம். அதில் மாவுச்சத்து குறைவு, பால் தானாகக் கெட்டியாகாது. 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் 2 டேபிள்ஸ்பூன் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 500 மி.லி. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காய்ச்சிக்கொள்ளுங்கள். காலிஃபிளவரைத் தனியாக அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் போக வடித்த பிறகே அந்தப் பாலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.