காரைக்குடி புத்தகத் திருவிழாவுக்கு நண்பரோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். காலையில் காரைக்குடியில் இறங்கி, நேராகத் திருவிழா நடக்கிற கம்பன் மணிமண்டபத்துக்குப் போய், மத்தியானம் வரை புத்தகக் கடைகளைச் சுற்றிவிட்டு, சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல் “சரி, செட்டிநாடு பார்க்கலாம்” என்று கார் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் கோவில்களில் நடை சாத்தியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கவும் அதிக நேரம் மிச்சமிருக்காது. திருவிழா களைகட்டுவதோ மாலையில். மேடைப் பேச்சு, எழுத்தாளர்கள் வந்து நிற்பது, உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது எல்லாம் வெயில் தாழ்ந்த பிறகுதான். ஆக, ஒரு முழு மாலையைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டு, இரவு காரைக்குடியில் தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் செட்டிநாட்டு ஊர்களுக்குக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: வரும் வண்டி இரவில்தான் காரைக்குடி சேரும், திரும்பும் வண்டி விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். நடுவில் எத்தனை முழு நாள் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அடுத்தது, நண்பரோடு தோளோடு தோள் ஒட்டிக்கொண்டே எல்லாக் கடையும் ஏறி இறங்குவது. அன்பினால் செய்வதுதான், ஆனால் இரண்டு பேருக்கும் கெடுதல். ஒருவர் கவிதை அடுக்கின் முன்னால் அரைமணி நேரம் நிற்க விரும்புவார், இன்னொருவருக்குக் கல்வெட்டும் கோவில் வரலாறும் வேண்டும். ஒருவர் பொறுமையில்லாமல் பக்கத்தில் நின்றால் மற்றவர் பக்கம் புரட்டுவதையே நிறுத்திவிடுவார். முதலில் ஒரு சுற்று சேர்ந்து வாருங்கள், அப்புறம் பிரிந்து போங்கள், ஒரு மணி நேரம் கழித்துச் சந்திக்க இடம் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் போன் மணி காதில் விழாது. மணிமண்டப வளாகத்திலேயே தமிழ்த்தாய் கோவில் இருக்கிறது, 1993-இல் திறந்தது, அதன் வாசல் சந்திப்பதற்கு நல்ல இடம். நண்பர் அவ்வளவாகப் படிக்காதவர் என்றால் அவரைக் கட்டாயப்படுத்தி மூன்று மணி நேரம் நடக்க வைக்காதீர்கள். மேடைப் பேச்சு கேட்க உட்கார வையுங்கள், நல்ல பேச்சாளர் வாய்த்தால் அவரே அப்புறம் வந்து “அந்தப் புத்தகம் எந்தக் கடையில?” என்று கேட்பார். பணக் கணக்கையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். புத்தகத்துக்கு அவரவர் காசு, காருக்கும் சாப்பாட்டுக்கும் பாதிப் பாதி என்று ஒரு வரி போதும். இது பேசாததால் வருகிற மனக்கசப்பு வெளியே சொல்ல முடியாதது, அதனாலேயே ரொம்ப நாள் நிற்கும்.

சென்னையில் எந்த நாளும் கிடைக்கிற பெரிய பதிப்பகங்களின் கடைகளிலேயே பணத்தையும் தெம்பையும் தீர்த்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற தவறு. திருவிழாவில் அந்தக் கடைகள் தருகிற 10 சதவீதக் கழிவு பெரும்பாலான புத்தகத் திருவிழாக்களில் கிடைப்பதுதான். ஆனால் நீங்கள் வந்திருப்பது சாதாரண ஊர் இல்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர், அந்தப் பெயரைத் தாங்கிய மண்டபத்தில்தான் நிற்கிறீர்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், தன் வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் கூடச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் சென்னையில் வைத்தது, 1994-இல் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. இன்றைக்குத் தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலர் ஒரு முறையாவது அந்த வாசலை மிதித்திருப்பார்கள். ‘சக்தி’ இதழ் நடத்திய, மலிவு விலையில் நல்ல புத்தகங்களைப் பரவலாக்கிய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். இப்படிப்பட்ட மண்ணில் நடக்கிற திருவிழாவில் ஊர் வரலாறு, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில்கள், கட்டடக் கலை பற்றிய புத்தகங்களையும், சின்னப் பதிப்பகங்களையும், பழைய புத்தகம் விற்கிறவர் யாராவது வந்திருந்தால் அவர் கடையையும் முதலில் பாருங்கள். மறுநாள் பார்க்கப் போகிற ஊர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வாங்கி ராத்திரி அறையில் படித்துவிட்டுப் போனால் அந்தத் தூணும் கதவும் வேறு மாதிரி தெரியும்.

வாங்கிய புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டே ஊர் சுற்றாதீர்கள். பையை அறையில் வையுங்கள், நிறையச் சேர்ந்துவிட்டால் அஞ்சலகத்திலோ கூரியரிலோ பார்சல் போட்டுவிடுங்கள். ஜிபே இருக்கிறதே என்று வெறுங்கையோடும் போகவேண்டாம். கூட்டம் நெருக்கும்போது சிக்னல் படுத்தும், கொஞ்சம் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

இனி வீடுகள். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. செட்டிநாட்டு வீடுகளை அருங்காட்சியகம் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள், எல்லாக் கதவும் டிக்கெட் வாங்கினால் திறக்கும் என்று. கானாடுகாத்தானில் 1912-இல் கட்டி முடித்த அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படித்தான், தெருவில் நின்று பார்க்கிற வீடு. மற்ற பல வீடுகள் ஒரே குடும்பத்தின் பல பங்காளிகளுக்குச் சொந்தம், ஆள்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் சாமி காரியத்துக்கும் திறப்பார்கள், மற்ற நாளில் காவலுக்கு ஒருவர் இருப்பார். அவரிடம் “அண்ணே, முகப்பு வரைக்கும் பாத்துக்கலாமா?” என்று கேளுங்கள். சில நேரம் உள்ளே கூட்டிப்போவார், சில நேரம் மாட்டேன் என்பார். மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். காசை நீட்டிக் கெஞ்சுவது, திண்ணையில் ஏறி ரீல்ஸ் எடுப்பது, வீட்டுப் பெரியவர் ஆச்சி உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் படம் பிடிப்பது, சாமி அறைக்குள் எட்டிப் பார்ப்பது இவையெல்லாம்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவை மூடுகின்றன. உள்ளே நிதானமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆத்தங்குடியில் அரண்மனை என்று சொல்கிற பெரிய வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கிறது, அல்லது தங்கும் விடுதியாக மாறிய வீடுகளில் ஒன்றில் ஒரு நாள் தங்கலாம்.

உள்ளே போனதும் நேராகச் செல்ஃபி எடுக்கிற தூணுக்கு ஓடாதீர்கள். முகப்பில் நின்று வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் போவதைப் பாருங்கள். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. நடுவில் வளவு, வானம் திறந்த முற்றம், அதைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள். சுவரைப் பாருங்கள்: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு, தலைமுறைகள் கடந்தும் மினுமினுக்கிறது. வாசல் நிலையில் இருக்கிற லட்சுமியைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரே நாளில் எல்லாத் திசையும் என்ற திட்டமும் வேண்டாம். தூரம் எல்லாமே பக்கம்தான், கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், பிள்ளையார்பட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவே, ஆனால் ஒன்று வடக்கே, மற்றது மேற்கே. மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி ஒரு வரிசை. வடக்கே கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தெம்பிருந்தால் திருமயம் கோட்டை இன்னொரு வரிசை. காலையில் கோவில் வரிசையை முடியுங்கள், ஏனென்றால் பிள்ளையார்பட்டியில் மதியம் 1 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பாறையில் குடைந்த அந்த இரண்டு கைப் பிள்ளையாரைப் பார்க்காமல் வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. ஆத்தங்குடி இரண்டு வரிசைக்கும் நடுவில் என்பதால் மத்தியானத்துக்குப் பொருந்தும்.

அங்கே ஓடு செய்கிற பட்டறைக்குக் கட்டாயம் போங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறக் குழம்பை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள், சூளையே கிடையாது, கண்ணாடிதான் அந்தப் பளபளப்பைத் தருகிறது. ஆசையில் பத்து ஓடு வாங்கிப் பைக்குள் திணிக்காதீர்கள், கனம் அதிகம், முனை உடையும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எல்லாமே பழசு என்று நம்பிப் பேரம் பேசவும் வேண்டாம், பிடித்திருந்தால் பிடித்த விலைக்கு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வீடாக இருந்து விடுதியான இடங்களில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள், திடீரென்று போய் நின்றால் கிடைக்காது. காரைக்குடிக் கடைகளில் மனகோலம், சீப்புச் சீடை போன்ற செட்டிநாட்டுப் பலகாரம் வாங்குகிறவர்கள் அதைப் புத்தகப் பைக்குள் போடாதீர்கள். எண்ணெய் ஏறிய அட்டையை எதைக் கொண்டும் துடைக்க முடியாது.