டாஷ்போர்டில் நிறம் மாறும் எல்இடி: கார் ஒயரை வெட்டாமல் நாமே மாட்டலாம்

இரவில் காரில் ஏறினால் கால் வைக்கும் இடம் கிணறு மாதிரி இருட்டாகக் கிடக்கும், கீழே விழுந்த சாவியையோ டோல் ரசீதையோ எடுக்க மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தடவ வேண்டியிருக்கும். அதற்காகத்தான் நான் முதலில் எல்இடி ஸ்ட்ரிப் வாங்கினேன். அழகு பற்றிய ஆசை அப்புறம் வந்தது. இன்றைக்கு டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வரி, சென்டர் கன்சோல் ஓரத்தில் ஒரு வரி, நிறத்தை மொபைலிலேயே மாற்றிக்கொள்கிறேன், காரின் சொந்த ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருட்டிய பிறகு காருக்குள் உட்கார்ந்து, ஒரு சின்ன டார்ச்சை டாஷ்போர்டு ஓரங்களில் ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டுபவர் கண்ணுக்கு எல்இடி புள்ளி நேராகத் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்தாலும் வேண்டாம். புள்ளி மறைந்து வெளிச்சம் மட்டும் வழிகிற இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்ட்ரிப் போக வேண்டும். பெரும்பாலான கார்களில் அது டாஷ்போர்டின் அடி உதட்டுக்கு உட்புறமும் கிளவ் பாக்ஸுக்குக் கீழேயும் இருக்கும். டாஷ்போர்டின் நடுவே மெல்லிய கோடு மாதிரி வேண்டுமென்றால், பிளாஸ்டிக் இடுக்கில் செருகுகிற ஃபைபர் கயிறு வகை கிட் வாங்குங்கள். அதில் எல்இடி ஒரு முனையில் மட்டும் இருக்கும், கயிறு முழுக்க வெளிச்சம் ஓடும்.

ஸ்ட்ரிப்பில் இரண்டு வகை. நான்கு ஒயர் வருகிற சாதாரண 12 வோல்ட் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலக்கிற) ஸ்ட்ரிப்பில் மொத்த நீளமும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். டபிள்யூஎஸ் 2812பி மாதிரியான 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் கொடுக்கலாம். முதல் தடவை செய்பவருக்கு முதல் வகையே போதும். ஆனால் அதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காரில் 12 வோல்ட் என்பது இன்ஜின் ஆஃப்பில் இருக்கும்போது மட்டும்தான், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல்கூடக் கொடுக்கும். நீல எல்இடி ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்கு மேல் எடுக்கும், ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகத் தொடுத்திருப்பார்கள், அதனால் கரன்ட்டைக் கட்டுப்படுத்த அவற்றோடு இருக்கிற ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது இரண்டரை வோல்ட் அளவுதான். அங்கே கூடுதலாக 2 வோல்ட் வந்தால் கரன்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சிவப்பில் அவ்வளவு ஏறாது. அதனால்தான் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்த நிறம், இன்ஜினைப் போட்டதும் நீலம் தூக்கலாகிவிடுகிறது. நிறத்தை எப்போதும் இன்ஜின் ஓடும்போதே அமையுங்கள், பிரகாசத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இந்தத் தொல்லை இல்லை, காரின் 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்க நடுவில் மாட்டுகிற பக் கன்வெர்ட்டர் வோல்ட்டேஜை நிலையாக வைத்துக்கொள்ளும். அதை ஓட்ட ஈஎஸ்பி 32 என்ற சின்ன கன்ட்ரோல் போர்டும் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளும் போதும்.

நிறத்தை மாற்றுகிற சின்னப் பெட்டியான கன்ட்ரோலர் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பவர் போய் வந்தால் கடைசியாக வைத்த நிறத்தை ஞாபகம் வைத்திருக்குமா? சில மலிவு கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு தடவையும் கலர் கலராக மின்ன ஆரம்பித்துவிடும், ஓட்டும்போது அது பெரிய இடைஞ்சல். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஸ்ட்ரிப், கன்ட்ரோலர், ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஜாயின்ட்டை மூடுகிற குழாய்), ஃபியூஸ் எல்லாமே ஒரே நடையில் கிடைக்கும்.

இனி பவர். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். முதலில் சாவியை எடுத்தாலும் பவர் இருக்கிற லைனில் கொடுத்துவிட்டேன். அரை ஆம்பியர்தானே என்று நினைத்தேன், ஆனால் அரை ஆம்பியர் நாள் முழுக்க எரிந்தால் 12 ஆம்பியர் ஹவர், என் காரில் இருப்பதோ 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஊருக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்கவில்லை.

அதனால் மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். சாவி ஏசிசி (இன்ஜின் போடாமல் ரேடியோ மாதிரியானவை ஓடுகிற) நிலையில் இருக்கும்போது 12 வோல்ட் காட்டி, சாவியை எடுத்ததும் பூஜ்யமாகிற ஃபியூஸைக் கண்டுபிடியுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் சில கார்களில் அதற்கு எப்போதுமே பவர் இருக்கும், அளந்துவிடுங்கள். அந்த ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் ஃபியூஸ் டேப் (அங்கிருந்தே தனி லைன் எடுக்கிற, இரண்டு குழி உள்ள அடாப்டர்) செருக வேண்டும். பழைய ஃபியூஸ் அதன் ஒரு குழியிலும், நம் ஸ்ட்ரிப்புக்கான 2 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொரு குழியிலும் உட்காரும். ஃபியூஸ் டேப்பைத் திருப்பிப் போட்டாலும் விளக்கு எரியும், ஆனால் நம் கரன்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, பழைய ஃபியூஸை மட்டும் கழற்றிப் பாருங்கள், அப்போதும் நம் லைனில் பவர் வந்தால் சரி. எர்த்துக்கு (நெகட்டிவ் ஒயருக்கு), பெயின்ட் இல்லாத பாடி போல்ட் ஒன்றில் ரிங் டெர்மினலை முறுக்கிவிடுங்கள்.

மீட்டர் வெளிச்சத்துக்குப் போகிற ஒயரிலிருந்து பவர் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பல கார்களில் அந்த லைன் டிம்மர் வழியாக வருகிறது, கன்ட்ரோலர் குழம்பிப்போகும். ஒயரைக் கடித்துப் பிடிக்கிற நீல கிளிப்பும் வேண்டாம். நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் அப்படி மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு மழைக்காலம் போனதும் அந்த இடத்தில் செம்பு பச்சை பிடித்துப் போயிருந்தது. சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், இல்லையென்றால் நல்ல கிரிம்ப் (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கிற இணைப்பு).

டிரிம்மை (டாஷ்போர்டின் பிளாஸ்டிக் மூடிகளை) கழற்றும் முன் 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். உள்ளே மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் லைன், கையே வைக்கக் கூடாது. பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேல் ஸ்ட்ரிப் போகக் கூடாது. முன் கண்ணாடியின் ஓரத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்த வழியாக ஒயர் இழுக்காதீர்கள்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. டாஷ்போர்டு பாலிஷ் போட்ட இடத்தில் எந்த டேப்பும் நிற்காது, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு தடவை துடையுங்கள். ஸ்ட்ரிப்போடு வருகிற டேப்பை நம்பாதீர்கள், மே மாத வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும், அதில் அது உருகித் தொங்கும். நல்ல அக்ரிலிக் ஃபோம் டபுள் சைடு டேப் வாங்கி, ஒட்டிய பிறகு அழுத்திப் பிடித்து, ஒரு நாள் வெயில் படாமல் விடுங்கள். பெடலுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் அருகே ஒயர் தொங்கவே கூடாது, ஒரு சாண் இடைவெளியில் கேபிள் டை போடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது, பிரேக் பெடலில் ஒயர் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மீட்டர் போர்டுக்குள்ளேயும் கலர் மாற்றலாமா என்று கேட்பார்கள். பழைய கார்களில் டி5 எனும் சின்ன பல்பைக் கழற்றி ஒரே நிற எல்இடி போடலாம், ஆனால் பேட்டரி சின்னத்துக்குப் பின்னால் இருக்கிற பல்பை மட்டும் தொடாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகப் போகிற சின்ன கரன்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அங்கே எல்இடி போட்டால் சார்ஜே ஏறாமல் போகலாம். புதிய கார்களில் மீட்டரைத் திறக்கவே வேண்டாம், வாரண்டியும் போகும்.

நிறம் உங்கள் விருப்பம்தான், ஆனாலும் நீண்ட இரவுப் பயணத்துக்கு மங்கலான சிவப்போ ஆரஞ்சோ வையுங்கள். இருட்டில் வேலை செய்கிற கண் செல்களை நீலம் சீக்கிரம் கூசவைத்துவிடும், சிவப்பு அவ்வளவாகத் தொடாது. நீலமும் ஊதாவும் வண்டி நிற்கும்போது வைத்துக்கொள்ளலாம். மின்னுகிற மோட் எதையும் ஓட்டும்போது போடாதீர்கள், எதிரே வருபவருக்குச் சிவப்பு வெளிச்சம் முன்பக்கம் தெரியும்படி வைப்பதும் சட்டப்படி தவறு.

எல்லாம் முடிந்ததும் தெருவிளக்கு இல்லாத சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். சைடு மிரரில் நிறம் தெரிந்தால் பிரகாசத்தைக் குறையுங்கள், அப்போதும் தெரிந்தால் ஸ்ட்ரிப்பை இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, அரை மணி நேரம் எரியவிட்டு, ஃபியூஸ் டேப்பையும் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கேயாவது சுட்டால் அந்த ஜாயின்ட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.