டீக்கடையிலேயே முடிந்துபோகும் பேட்டி: உள்ளூர் வானொலி விளையாட்டு நிகழ்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் நிலையத்துக்கு ஒரு மூத்த வர்ணனையாளரை அழைத்திருந்தோம். எழுபதைத் தாண்டியவர். கபடி, ஹாக்கி, வாலிபால் என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசியவர். பேட்டி எடுக்க வேண்டிய பெண் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஸ்டுடியோவுக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். வெளி நடையில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் கையை வீசி வீசி ஏதோ சொல்கிறார், அந்தப் பெண் சுவரில் சாய்ந்து சிரிக்கிறார். ரெக்கார்டர் அவருடைய தோள்பைக்குள் இருக்கிறது. பையின் ஜிப்கூடத் திறக்கவில்லை.

எழுந்து ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் கதை முடிந்துவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது. செல்போனை அணைத்து வையுங்கள், மைக்கில் ஊதிப் பார்க்காதீர்கள், போனில் வரும் நேயரிடம் ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காதவற்றை, நானே செய்து பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

பேட்டிக்கு முன்பே பேட்டி எடுத்துவிடுவது

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி என்றால் என்னவென்று தெற்கத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலைமிட்டாய்க்கு அடுத்து அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் ஞாபகம் வருவது அதுதான். அந்தப் பக்கத்து ஆட்டங்களுக்கு நாற்பது வருடம் வர்ணனை செய்த ஓர் அண்ணாச்சி இருந்தார். மைதானத்து ஒலிபெருக்கியில் பாதி, வானொலியில் மீதி. நான் நிகழ்ச்சி செய்யத் தொடங்கிய இரண்டாவது வருடம் அவரை அழைத்தேன். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிட்டார். மரியாதைக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே வைத்துத்தான் அந்த இறுதி ஆட்டத்தைச் சொன்னார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம், ஸ்கோர் சமம், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஒலிபெருக்கி செத்துவிட்டது. அண்ணாச்சி மேஜை மேல் ஏறி நின்று வெறும் தொண்டையில் வர்ணனையைத் தொடர்ந்திருக்கிறார். முன்வரிசைக்குத்தான் கேட்கும். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்ல, அவர்கள் அடுத்த வரிசைக்குச் சொல்ல, கடைசி வரிசையில் மரத்தில் உட்கார்ந்திருந்தவன் வரைக்கும் வர்ணனை வாய்வழியாகவே போயிருக்கிறது. கோல் விழுந்ததும் ஆரவாரம் மொத்தமாக எழவில்லை, வரிசை வரிசையாக எழுந்தது என்றார்.

சொல்லும்போது பெஞ்சின் மேலேயே மைதானத்தைக் கட்டிவிட்டார். என் டீ கிளாஸும் அவர் கிளாஸும் கோல்கம்பங்கள். பருப்புவடையைப் பிய்த்து ஒரு துண்டைக் கோல்கீப்பராக நடுவில் வைத்தார். இன்னொரு துண்டு லெஃப்ட் அவுட். ஷார்ட் கார்னர் அடித்த பந்து யார் காலில் பட்டு எப்படித் திரும்பியது என்று ஒரு மிளகை விரலால் சுண்டிக் காட்டினார். அது கிளாஸில் பட்டு ‘டிங்’ என்றது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நெகிழ்ந்துபோனேன். இதுதான் நிகழ்ச்சியின் உயிர் என்று முடிவு செய்து, அவரை மேலே கூட்டிவந்து உட்காரவைத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் முதல் கேள்வியாக அதையே கேட்டேன். “அண்ணாச்சி, அந்த ஃபைனல்ல கரண்ட் போன கதையைச் சொல்லுங்களேன்.”

“ஆமா, ஒரு தடவ கரண்ட் போச்சு. சத்தம் போட்டே சமாளிச்சோம். அதான் கீழ வச்சே சொன்னேம்லா தம்பி.”

அவ்வளவுதான். ஆறு நொடி. திரும்பக் கேட்டேன், சுற்றிவளைத்துக் கேட்டேன், மரத்தில் இருந்தவனைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். அவர் பேரில் குற்றமே கிடையாது. கதை சொல்கிறவர் எதிரே இருக்கும் முகத்துக்குத்தான் சொல்கிறார், மைக்குக்கு அல்ல. எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவனிடம் திரும்பச் சொல்லும்போது யாராக இருந்தாலும் சுருக்கத்தான் செய்வார்கள். வீட்டில் நாமும் அப்படித்தானே.

அடுத்த மாசியில் அண்ணாச்சி இறந்துபோனார். காரியம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய மகன் வந்து ஒலிப்பதிவு கேட்டார். இருபத்தேழு நிமிடத்தையும் சிடியில் போட்டுக் கொடுத்தேன். அங்கேயே ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, “கரண்ட் போன கதை இதுல இல்லியா சார்?” என்றார். டீக்கடைக்காரருக்கும் எனக்கும் தெரிந்த கதை அவர் பேரப்பிள்ளைகளுக்கு இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். இருபது வருடம் ஆகப்போகிறது. இப்போதும் அந்த ‘டிங்’ நினைவுக்கு வந்தால் என் மேலேயே எரிச்சல் வரும்.

இதனால் எங்கள் நிலையத்தில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். விருந்தினரை வரவேற்பதும் டீ வாங்கிக் கொடுப்பதும் பேட்டி எடுக்கிறவர் வேலை அல்ல. அதை வேறொருவர் செய்வார். பேட்டி எடுப்பவர் முன்கூட்டியே போனில் பேசலாம், ஆனால் எந்த ஊர், எந்த வருடம், எந்தெந்த ஆட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் கதைக்குள் இறங்கினால் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள்: “அண்ணாச்சி, இது எனக்கு மைக்கில் வேணும், அங்க வந்து சொல்லுங்க.” கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வர்ணனையாளர் அல்லவா, அவருக்குத் தெரியும்.

மைக் லெவல் பார்க்கும்போதும், அதாவது குரல் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்று சோதிக்கும்போதும், இதே ஆபத்து இருக்கிறது. “ஏதாவது பேசுங்க சார்” என்றால் பழையவர்கள் அசல் சரக்கையே எடுத்துவிடுவார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேளுங்கள். லெவலுக்கு இட்லி போதும்.

அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே நுழையும்போதே பதிவை ஓடவிடுங்கள். ‘நன்றி, வணக்கம்’ சொன்ன பிறகும் நிறுத்தாதீர்கள். முடிந்துவிட்டது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பலர் உண்மையில் பேச ஆரம்பிக்கிறார்கள்.

சரி, கதை வெளியிலேயே கொட்டிவிட்டது, என்ன செய்வது? அதைக் கேட்காத ஓர் ஆளைப் பிடித்து எதிரே உட்காரவையுங்கள். போன வாரம் அதைத்தான் செய்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஸ்டுடியோவில் உட்காரவைத்து, “ஐயா, இவருக்குச் சொல்லுங்க” என்றேன். பாதி திரும்பி வந்தது. அந்தப் பாதியே நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் நடையில் சிரித்த சிரிப்பு வாட்ச்மேனிடம் வரவில்லை.

எல்லோரும் கேட்டதையே கேட்பது

‘உங்களால் மறக்க முடியாத ஆட்டம் எது?’ இந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

கண்ணுக்கு வர்ணனை செய்வது

“பார்த்தீர்களா, என்ன அருமையான அடி!” நேயர் எதையும் பார்க்கவில்லை. டிவி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளத்துக்காரர் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழில் கிரிக்கெட் சொல்வதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கம் டெஸ்ட்டை நடுவீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ‘பார்த்தவர்கள்’ அவர்கள்.

பந்து இடது பக்கம் போகிறது என்றால் யாருக்கு இடது? ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தை நேயர் மனதில் ஒருமுறை போட்டுவிட வேண்டும். சேப்பாக்கத்தில் அண்ணா பெவிலியன் முனை, பட்டாபிராமன் கேட் முனை என்று பெயரே இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் அதைவிட நல்ல வசதி ஒன்று உண்டு. சமுதாய வானொலி என்பது நூறு வாட் சமாச்சாரம், சுற்றி ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர். கேட்கிற அத்தனை பேரும் அந்த மைதானத்தை ஒருமுறையாவது கடந்து போனவர்கள். ‘தண்ணித்தொட்டிப் பக்கத்துக் கோல்’, ‘ரயில்வே கேட் பக்கத்துக் கோல்’ என்றால் போதும், படம் விழுந்துவிடும். பெரிய நிலையத்துக்காரர் இதைச் செய்ய முடியாது. நம் பிள்ளைகள் இதை விட்டுவிட்டு ‘மைதானத்தின் வலது முனை’ என்று இலக்கணம் பேசுகிறார்கள்.

ஸ்கோரை விழுங்குவது

அமெரிக்கப் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் முட்டை வேகவைக்கப் பயன்படுத்தும் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை எதிரே வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். எங்களிடம் மணல் கடிகாரம் இல்லை. பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்திருக்கிறோம், முழங்கையால் இடிப்பான்.

நேயர் குற்றம் சொல்லும்போது ‘ஆமாம்’ கொட்டுவது

தொலைபேசி நிகழ்ச்சியில் என் மிகப் பெரிய சறுக்கல் இது. ஒருவர் பேசும்போது இடையிடையே ‘ம்… ஆமா… ஆமா’ என்று சொல்வது நம் பழக்கம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். காற்றில் போகும்போது அர்த்தம் மாறிவிடும்.

ஒரு கபடிப் போட்டிக்கு மறுநாள் ஒரு நேயர் போன் செய்து, அரையிறுதி நடுவர் எதிரணியிடம் காசு வாங்கிவிட்டார் என்றார். நான் வழக்கம்போல ‘ஆமா… ம்…’ என்று கொட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அழைப்பு நடுவரின் மனைவி. “அவர் சொன்னாரு சரி, நீங்க ஏன் சார் ஆமா போட்டீங்க?” என்று கேட்டார். பதில் இல்லை. நேரலையில் நாலைந்து நொடி மௌனம். பிறகு அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வீடு நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. சின்ன ஊரில் வானொலி நடத்துவதில் இது ஒன்று இருக்கிறது. யாரைப் பற்றி என்ன பேசினாலும் சாயங்காலம் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தாக வேண்டும்.

குற்றச்சாட்டு தொடங்கியதுமே குறுக்கிடுங்கள். “அது உங்கள் கருத்து, அவர் இங்கே இல்லை, ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.” முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும்.

மைக்கைக் கொடுக்க மறுப்பது

இந்திய வானொலியின் ஆரம்பகால நட்சத்திரம் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் நாள் முழுக்கத் தனி ஆளாகவே வர்ணனை செய்வார், இன்னொருவரோடு மைக்கைப் பகிர மாட்டேன் என்று நின்றவர். நீங்கள் தல்யார்கான் இல்லை.

பெயர் கேட்காமல் உட்காருவது

ஒரே அணியில் மூன்று மாரிமுத்து இருப்பார்கள். ஆட்டத்துக்கு முன் போய், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையனின் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.

போனைப் பார்த்துப் புள்ளிவிவரம் படிப்பது

படிக்கிறீர்கள் என்பது கேட்கும்.

ஆட்டம் முடியுமுன் கிளம்புவது

1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடிய டெஸ்ட்டின் கடைசி நாள். ஆஸ்திரேலிய வானொலியின் பெரிய குரல் ஆலன் மெக்கில்வ்ரே, ஆட்டம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, முன்னாள் ஆட்டக்காரர் கீத் மில்லரோடு சிட்னி விமானத்தைப் பிடிக்க முன்கூட்டியே கிளம்பிவிட்டார். அந்த ஆட்டம் டையில், அதாவது இரண்டு அணியின் மொத்த ரன்னும் சமமாகி, முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அதுதான் முதல் டை. இரண்டாவது டை வர 1986 செப்டம்பர் வரைக்கும் ஆனது, அது நம்முடைய சேப்பாக்கத்தில்.

நமக்கு விமானம் இல்லை, கடைசி பஸ்தான். மின்னொளிக் கபடி என்றால் இறுதி ஆட்டம் தொடங்கவே ராத்திரி பதினொன்று ஆகிவிடும், பஸ் ஒன்பதே முக்காலுக்கே போய்விடும். போன மாதம் எங்கள் பையன் ஒருவன் அரையிறுதியோடு கிளம்பி வந்துவிட்டான். இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரைக்கும் போனதாம். மறுநாள் நேயர்கள் போன் செய்து எங்களுக்கு அதை வர்ணித்தார்கள். இப்போது மின்னொளி ஆட்டம் என்றால் சொந்தமாகப் பைக் வைத்திருக்கிற ஆளைத்தான் அனுப்புகிறோம். பெட்ரோல் போட்டாயா என்றும் கேட்டுக்கொள்கிறோம்.