மாயா புராணச் சாகசக் கதை எழுதுவது எப்படி? நாயகியின் பிறந்த நாளிலிருந்து தொடங்குங்கள்

மத்திய அமெரிக்காவின் மாயா மக்களுடைய புராணத்தை வைத்து இளையோருக்குச் சாகசக் கதை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் பிரமிடையும் காட்டையும் வர்ணித்துத் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், நாட்காட்டியில்தான் தொடங்க வேண்டும். போபோல் வூ என்ற மாயா புராண நூலில் ஷிபல்பா என்னும் பாதாள உலகை ஆளும் ஹுன் காமே, வுகுப் காமே ஆகியோரின் பெயர்கள்கூட நாட்காட்டி நாட்கள்தான். இந்த உலகில் பிறந்த நாளே ஒருவரின் பெயராகவும் அமையும்.

படி 1: மூலத்தைப் படியுங்கள்

போபோல் வூ குவாத்தமாலா மலைநாட்டுக் கிச்சே மக்களின் நூல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்த பிரதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அது இப்போது சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆலன் கிறிஸ்டென்சனின் மொழிபெயர்ப்பையே நான் பரிந்துரைப்பேன். வரிக்கு வரி நேர்ப்பொருள் தரும் பகுதியும் அதற்கு உண்டு. ஹுனாஹ்பு, ஷ்பலன்கே என்ற இரட்டையர் வரும் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: ஊரை முடிவு செய்யுங்கள்

மாயா மக்கள் மறைந்துபோனவர்கள் அல்லர். குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பெலீஸிலும் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். கிச்சே, யுகாடெக் என்று பல மொழிகள் பேசுகிறார்கள். ஒரு மக்களைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு நில்லுங்கள். ஆஸ்டெக் என்ற வேறு மக்களின் தெய்வங்களைக் கொண்டுவந்து கலக்காதீர்கள். என் நாயகி குவாத்தமாலாவின் மோமோஸ்தெனாங்கோ ஊரைச் சேர்ந்த கிச்சேப் பெண். நாள் கணிக்கும் பாட்டியின் துணிப்பையில் சிவப்பு நிறச் சிட்டே விதைகள் இருக்கின்றன. அந்த ஊரில் நாள் கணிப்பவர்கள் இன்றும் அவற்றை எண்ணித்தான் குறி சொல்கிறார்கள்.

படி 3: பிறந்த நாளைக் கணியுங்கள்

நான் நெடுநேரம் நின்றுவிட்ட இடம் இது. மாயா நாட்காட்டியின் 260 நாள் சுற்றில் 1 முதல் 13 வரையிலான எண்ணும் 20 நாட்பெயர்களும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. நம் தேதியும் கிழமையும் நகர்வதைப் போல. 2012 டிசம்பர் 21 என்பது 4 அஹாவ். மறுநாள் 5 இமிஷ், அதற்கு அடுத்தது 6 இக், பிறகு 7 அக்பால். எண் 13ஐத் தொட்டதும் 1க்குத் திரும்பும். பெயர் தன் வரிசையில் போய்க்கொண்டே இருக்கும்.

என் கதை 2028இல் நடக்கிறது. நாயகிக்குப் பதினைந்து வயது. பிறந்தது 2013 மார்ச் 14. டிசம்பர் 21ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் 83 நாட்கள். அந்த நாளையே 1 என்று எண்ணத் தொடங்கினால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

எண்ணுக்கு: 4 + 83 = 87. அதை 13ஆல் வகுத்தால் மீதி 9. மீதி பூஜ்யம் வந்தால் 13 என்று எழுத வேண்டும்.

பெயருக்கு: 83ஐ 20ஆல் வகுத்தால் மீதி 3. அஹாவிலிருந்து மூன்றாவது பெயர் அக்பால்.

ஆக அவள் 9 அக்பால் நாளில் பிறந்தவள். அக்பால் இருளின் நாள். அவள் எந்தச் சோதனையைச் சந்திக்க வேண்டும் என்பதை அந்த நாளே சொல்லிவிட்டது.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். நம் தேதியை மாயா நாளாக மாற்றித் தரும் இணைய மாற்றிகளைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கையால் எண்ணும்போதுதான் இந்தச் சுற்றின் ஓட்டம் மனதில் பதியும். கதைக்கு அது வேண்டும்.

பின்சேர்க்கை: நாயகியின் பிறந்த தேதிக்கு மாற்றியில் 7 இமிஷ் வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாயா நாட்காட்டியை நம் தேதிகளோடு பொருத்தச் சில மாற்றிகள் 584285 என்ற எண்ணைப் பயன்படுத்துகின்றன. அதனால் இரண்டு நாள் பிசகும். அமைப்பில் 584283ஐத் தேர்ந்தெடுங்கள். கிச்சே மக்கள் இன்றும் எண்ணிவரும் நாளோடு ஒத்துப்போவது அதுதான்.

இன்னொருவர், 2012க்கு முன் பிறந்த பாத்திரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். பிறந்த தேதியோடு 260 நாட்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 2012 டிசம்பர் 21ஐத் தாண்டியதும் அந்தத் தேதிக்குக் கணக்கிடுங்கள். 260 நாளுக்கு ஒருமுறை அதே நாள் திரும்பி வருவதால் விடை மாறாது.

படி 4: சோதனையை அமையுங்கள்

ஷிபல்பாவில் இருள் வீடு, குளிர் வீடு, சிறுத்தை வீடு, நெருப்பு வீடு, கத்தி வீடு, வௌவால் வீடு என்று பல சோதனை வீடுகள் உண்டு. இருள் வீட்டுக்குள் போகும் இரட்டையருக்கு ஒரு பந்தமும் ஆளுக்கொரு சுருட்டும் கொடுக்கிறார்கள். இரவு முழுவதும் எரிய வேண்டும், காலையில் குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. முன்பு இதே நிபந்தனையோடு உள்ளே போன அவர்களுடைய தந்தையும் சிற்றப்பாவும் எல்லாவற்றையும் எரித்துத் தீர்த்து உயிரை விட்டார்கள். இரட்டையரோ பந்தத்தில் மக்காவ் கிளியின் சிவந்த வால் இறகையும் சுருட்டு நுனியில் மின்மினிகளையும் வைக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்த காவலர்கள் எரிகிறது என்றே நம்புகிறார்கள்.

இந்தப் புராணத்தில் வெற்றி தோள்வலிமையால் வருவதில்லை. தந்திரத்தாலும் சிறு உயிர்களின் உதவியாலும் வருகிறது. கத்தி வீட்டில் உதவுபவை எறும்புகள். ஆகவே உங்கள் நாயகிக்கு மந்திர சக்தி கொடுக்காதீர்கள். என் கதையில் அவளிடம் கொடுக்கப்படுவது ஒரு கைபேசி. அதன் விளக்கு விடியும்வரை எரிய வேண்டும், காலையில் சார்ஜ் ஒரு சதவீதம்கூடக் குறைந்திருக்கக் கூடாது. நிபந்தனையை முதலில் எழுதுங்கள், அவளிடம் இருக்கும் பொருட்களைப் பட்டியலிடுங்கள், பிறகு தீர்வைத் தேடுங்கள். தீர்வை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எழுதினால் அவள் திணறுவது பொய்யாகத் தெரியும்.

வௌவால் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹுனாஹ்புவின் தலையே பறிபோகிறது. அந்தத் தலையை மீட்கும் பந்தாட்டத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.