லேபிள் ஒட்டும் லைன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக லேபிள் லைன் போடுகிறவர்களைப் பார்க்கும்போது, நாங்கள் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள் என்று தோன்றும். அச்சிட்டு உடனே ஒட்டுகிற இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்: ஒரு பிரின்டர், அச்சான லேபிளைக் காற்றால் உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும் தட்டு, அந்தத் தட்டைப் பெட்டிமேல் அழுத்தும் சிலிண்டர், பெட்டி வருவதைச் சொல்லும் சென்சார், இவற்றையெல்லாம் மேய்க்கும் பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கணினி.

ரோலைத் தலைகீழாக மாட்டுவது, ரிப்பனில் மை இருக்கும் பக்கத்தை மாற்றிப் போடுவது, இடைவெளி சென்சாரைச் சரிசெய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அரை நிமிடத்தில் தாமே காட்டிக் கொடுத்துவிடும். சத்தம் போடாமல் நாள் முழுக்க ஓடுகிற தவறுகள்தான் காசைத் தின்பவை.

பெட்டியை அளக்காமல் இயந்திரம் வாங்குவது

அளந்துவிட்டு வாங்குங்கள். உயரத்தையும்தான்.

கன்வேயர் வேகம் மாறாது என்று நினைத்து நேரம் வைப்பது

சென்சார் பெட்டியைப் பார்த்த பிறகு இத்தனை மில்லிவினாடி கழித்து ஒட்டு என்று வைப்பது எளிது. நிறுவிய அன்று அது அழகாகவும் வேலை செய்யும். நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடும் கன்வேயரில் பெட்டி ஒரு நொடிக்கு 500 மி.மீ. நகர்கிறது. பிஎல்சி தன் ஒரு சுற்றை முடிக்க 20 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், லேபிள் விழும் இடம் 10 மி.மீ. வரை முன்னும் பின்னும் ஆடும். அப்புறம் யாராவது கன்வேயர் வேகத்தைக் குறைத்தால், லேபிள் மூலையைத் தாண்டிப் போய்விடும்.

நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை எண்ணுங்கள். அதற்கு, சக்கரம் சுழல்வதை எண்ணித் தூரம் சொல்லும் என்கோடர் வேண்டும். அதையும் மோட்டார் தண்டில் மாட்டாதீர்கள். பெல்ட் வழுக்கினால் மோட்டாருக்குத் தெரியாது. பெட்டி உட்கார்ந்திருக்கும் பெல்ட்டின் மேலேயே சக்கரம் உருளட்டும்.

அச்சு வெளிறினால் சூட்டைக் கூட்டுவது

வெளிறிய அச்சைப் பார்த்ததும் கை நேராக மெனுவுக்குப் போய்விடுகிறது. ஒரு படி கூட்டுவார்கள், இரண்டு நாளில் இன்னொரு படி. சூடு ஏற ஏற கோடுகள் வீங்கும், நடுவிலுள்ள வெள்ளை குறுகும். நம் கண்ணுக்குக் கறுகறுவென்று நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஸ்கேனர் திணறும். சூட்டால் மையை லேபிளில் பதிக்கும் ஹெட்டின் ஆயுளும் கரையும்.

முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரோல் மாற்றும்போதும் துடைக்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதிப் புகார்கள் வராது. அடுத்து, ரிப்பனும் லேபிளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். காகித லேபிளுக்கான மெழுகு ரிப்பனை பாலியெஸ்டர் லேபிளில் போட்டுவிட்டு எவ்வளவு சூடு ஏற்றினாலும் விரல் பட்டால் மை வந்துவிடும். அதற்கு ரெசின் ரிப்பன்தான் சரி. ரிப்பன் லேபிளைவிடச் சற்று அகலமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேபிளின் ஓரம் ஹெட்டை நேரடியாக உரசிக்கொண்டே இருக்கும்.

ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். லேபிள் ஓடும் திசையிலேயே கோடுகள் நீண்டிருந்தால், அந்த ஒரு புள்ளி ஏதாவது ஒரு கோட்டை முழு நீளத்துக்கும் மெலிய வைத்துவிடும்; பார்கோடு போச்சு. கோடுகள் குறுக்காக அச்சானால், அதே வெள்ளைக் கீற்று எல்லாக் கோடுகளையும் ஓரிடத்தில் வெட்டும், ஆனால் அதற்கு மேலேயோ கீழேயோ ஸ்கேனர் படித்துவிடும். குறுக்கு அச்சில் வேகம் அதிகமானால் விளிம்பு இழுபடும் என்பது இன்னொரு பக்கம். எதைத் தேர்ந்தாலும் தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

வரிசை மாறாது என்று நம்புவது

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு தகவல் போகிற லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை, வரிசை எண், இல்லையென்றால் அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கொடுக்கும் 18 இலக்க அடையாள எண்ணான எஸ்எஸ்சிசி. பெட்டி தராசில் ஏறும், எடை பிரின்டருக்குப் போகும், லேபிள் அச்சாகும், பெட்டி வந்ததும் ஒட்டும். 150 மி.மீ. நீள லேபிளை நொடிக்கு 150 மி.மீ. வேகத்தில் அடிக்க ஒரு நொடி பிடிக்கும், சிலிண்டர் போய்வர இன்னும் கொஞ்சம். பெட்டிகள் நெருக்கமாக வந்தால் முன்கூட்டியே அடித்துத் தட்டில் வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆக, தராசுக்கும் லேபிளருக்கும் நடுவில் எந்நேரமும் இரண்டு மூன்று பெட்டிகள் நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் லேபிள்களும் அதே வரிசையில் காத்திருக்கும். எந்த லேபிள் எந்தப் பெட்டிக்கு என்பதற்கு அந்த வரிசையைத் தவிர வேறு பிடிப்பே கிடையாது.

ஒரு தொழிற்சாலையில் தராசுக்கு அப்புறம் மெட்டல் டிடெக்டர், அதற்கு அப்புறம் லேபிளர் என்று வைத்திருந்தார்கள். இடம் அப்படித்தான் கிடைத்ததாம். ஒரு நாள் காலையில் மெட்டல் டிடெக்டர் ஒரு பெட்டியை ஓரமாகத் தள்ளியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெட்டிக்கான லேபிள் ஏற்கெனவே தட்டில் உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த பெட்டி அதை வாங்கிக்கொண்டு போனது. அப்போதிருந்து ஷிஃப்ட் முடியும்வரை ஒவ்வொரு பெட்டியும் தனக்கு முன்னால் வந்த பெட்டியின் எடையைச் சுமந்துகொண்டு போனது.

லேபிளருக்குப் பின்னால் ஸ்கேனர் இல்லாமல் இல்லை. பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. அந்த ஸ்கேனரிடம் கேட்டுவைத்திருந்த ஒரே கேள்வி, படிக்க முடிகிறதா என்பது. படிக்க முடிந்தது, அச்சு பிரமாதம். கிடங்கில் ஒருவர் ஏதோ சந்தேகப்பட்டு ஒரு பெட்டியைத் திரும்ப எடை போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. பேலட்டில் சுற்றிய பிளாஸ்டிக்கை அறுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, எடை போட்டு, பழைய லேபிளை மறைத்துப் புதியதை ஒட்டினார்கள். லைன் போட்டுக் கொடுத்தவர் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையே சார்" என்றார். கோளாறு இல்லைதான். மெஷின் சொன்னபடி கேட்டிருந்தது.

பேட்ச் மாற்றும்போதும் இதே கதை. ஆபரேட்டர் திரையில் புதிய பேட்ச் எண்ணை அடித்துவிடுவார். தட்டில் இருப்பது பழைய பேட்ச் லேபிள். பிரின்டரின் நினைவகத்தில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். புதிய பேட்ச்சின் முதல் பெட்டிகள் பழைய எண்ணோடு போய்விடும். பின்னொரு நாள் புதிய பேட்ச்சைச் சந்தையிலிருந்து திரும்ப அழைக்க நேர்ந்தால் அந்தப் பெட்டிகள் பட்டியலில் வராது.

என்ன செய்யலாம்? லேபிள் கேட்கிற இடத்துக்கும் ஒட்டுகிற இடத்துக்கும் நடுவில் பெட்டி வெளியேறவோ உள்ளே நுழையவோ வழி விடாதீர்கள். தள்ளிவிடும் வேலையெல்லாம் அதற்கு முன்பே முடியட்டும். இடம் இல்லை என்பவர்கள், ஒவ்வொரு பெட்டியையும் என்கோடர் வழியே தொடருங்கள்: இத்தனை மி.மீ. நகர்ந்ததும் லேபிளர் சென்சாருக்கு அது வந்தாக வேண்டும். வராவிட்டால் அதன் லேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

லைன் நடுவில் நின்றால் வரிசையைத் துடைக்க வேண்டும். இங்கே மூன்று இடங்கள் இருக்கின்றன: தட்டு, பிரின்டரின் நினைவகம், பிஎல்சி வைத்திருக்கும் பட்டியல். புதியவர்கள் தட்டிலிருக்கும் லேபிளைப் பிய்த்துப் போட்டுவிட்டு "கிளியர் பண்ணிட்டேன்" என்பார்கள். அப்படி ஒன்றை மட்டும் துடைத்தால் வரிசை எதிர்ப்பக்கம் நகரும்; இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் வருகிற பெட்டியின் லேபிள். மூன்றையும் ஒரே பட்டனில் துடைக்கிற மாதிரி செய்துகொடுங்கள். துடைத்த பிறகு லைனில் மீதி நிற்கும் பெட்டிகள் தராசுக்கே திரும்பிப் போகட்டும். ஆபரேட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை. சிக்கிய பெட்டியை யாரும் கையால் எடுக்கத்தான் செய்வார்கள்.

ஸ்கேனர் விஷயத்துக்கு வருவோம். படித்ததை எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள் என்றால் உடனே செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எதிர்பார்த்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பிரின்டருக்கு அனுப்பிய அதே வரிசையைக் காட்டுவார்கள்! வரிசை ஒன்று நகர்ந்திருந்தால் சோதனையும் கூடவே ஒன்று நகர்ந்திருக்கும். திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி. எதிர்பார்க்கும் எண், என்கோடர் வழியே பெட்டியைத் தொடர்கிற கணக்கிலிருந்து வர வேண்டும். படிக்க முடியாத லேபிள் வந்தால் அந்தப் பெட்டியைத் தள்ளினால் போதும். எண் பொருந்தாவிட்டால் லைனையே நிறுத்துங்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. லேபிள் பாதி அச்சானபோது ரிப்பன் தீர்ந்தால், புதியது மாட்டியதும் பிரின்டர் அதே லேபிளை மறுபடி அடிக்கும். ஜீப்ரா நிறுவன பிரின்டர்களின் இசட்பிஎல் கட்டளை மொழியில் இதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் மறுஅச்சு ஆன் நிலையில்தான் இருக்கும். சாதாரண லைனுக்கு இது வசதி. எஸ்எஸ்சிசி போடும் லைனில் முதல் லேபிளும் படிக்கிற நிலையில் இருந்துவிட்டால், ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள். ஒருமுறை அனுப்பிய எஸ்எஸ்சிசியை ஓராண்டுக்காவது திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது, பார்கோடு எண்களுக்குத் தரம் வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. இங்கே அடுத்தடுத்த பெட்டியிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

பார்கோடைப் படமாக அனுப்புவது

203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டரில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. மெல்லிய கோடு நான்கு புள்ளி என்றால் 0.5 மி.மீ. மூன்றரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. கணினியில் பார்கோடைப் படமாக்கி லேபிளில் அடங்கும்படி சுருக்கினால், சில கோடுகள் நான்கு புள்ளியாகவும் சில மூன்றாகவும் அச்சாகும். பிரின்டரின் சொந்த மொழியில் பார்கோடு கட்டளையாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய கோட்டின் அகலத்தைப்போல் பத்து மடங்கு வெற்றிடத்தை இருபக்கமும் விடுங்கள். 0.5 மி.மீ. கோட்டுக்கு அது 5 மி.மீ. லோகோவை அங்கே நுழைக்க யாராவது ஒருவர் கட்டாயம் வருவார்.

பசை

மைனஸ் 20 டிகிரி தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது, ஒட்டிய பிறகு தாங்குகிற வெப்பநிலை. ஒட்டும்போது பெட்டி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கலாம் என்பது வேறு எண். அதைக் கேட்டு வாங்குங்கள். பனித்துளி படிந்த பெட்டியில் சாதாரணப் பசை நிற்காது. ஒட்டிய கையோடு பிய்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பல நிரந்தரப் பசைகளுக்கு முழுப் பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும்.

காற்று

எண்ணெயும் தண்ணீரும் கலந்த காற்று தட்டின் துளைகளை அடைக்கும். வடிகட்டி போடுங்கள், அதை மாற்றவும் செய்யுங்கள்.

ஏற்புச் சோதனையில் நல்ல பெட்டிகளை மட்டும் ஓட்டுவது

சப்ளையர் கொண்டுவரும் பெட்டிகள் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே பேட்ச். அதில் ஓடாத இயந்திரமே இல்லை. நீங்கள் நடுவில் போய் ஒரு பெட்டியைத் தூக்கிவிடுங்கள். தட்டில் லேபிள் இருக்கும்போது மின்சாரத்தை அணையுங்கள். அச்சாகிக்கொண்டிருக்கும்போது பிரின்டர் மூடியைத் திறங்கள். லைன் நிற்காமலே பேட்ச்சை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வெளியே வரும் முதல் ஐந்து பெட்டிகளின் லேபிளைத் தராசில் பதிவான எடையோடு கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் பொருந்தினால் கையெழுத்துப் போடுங்கள்.